வரம்பு தாண்டிய ராஜையன்

எங்கள் ஊரில் ராஜையன்கள் நான்கு பேர். பலசரக்குக் கடை வைத்திருப்பவர் கடை ராஜையன். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் பஸ் ராஜையன். பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் சொந்த வீட்டு ஓட்டுக்கூட முழுதாகக் கிடைக்காதவர் தேர்தல் ராஜையன். நான்காமவர் வரம்பு ராஜையன். நம் சபை ஆண்டு மலரில் ‘நம்மிடையே ஒருவர்’ என்ற பகுதிக்கு இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். காரணம் பின்னால் வரும். எனக்குப் பெருமை தரும் காரணம் அல்ல.

வயலுக்கும் வயலுக்கும் நடுவே மண்ணை உயர்த்திப் போட்டிருப்பதை மற்ற ஜில்லாக்காரர்கள் வரப்பு என்பார்கள். நமக்கு அது வரம்பு. ராஜையன் அந்த வரம்பை வெட்டுகிறவர். வெட்டுவது என்றால் அழிப்பது இல்லை. ஒரு பூ, அதாவது ஒரு போகம், முடிந்து அடுத்த பூவுக்கு வயலில் தண்ணீர் கட்டும் முன்னால், பழைய வரம்பின் இரண்டு பக்கத்தையும் மண்வெட்டியால் செதுக்கிப் புல்லை உரித்து எடுத்துவிட்டு, நண்டு வளைகளைத் தோண்டி அடைத்து, குழைந்த சேற்றை அள்ளி வைத்து, மண்வெட்டியின் முதுகாலேயே தடவி மினுக்கி விடுவது. ராஜையன் பூசிய வரம்பில் மண்டைக்காட்டில் ஒரு முட்டையை வைத்து உருட்டிவிட்டால் அது உடையாமல் குளச்சலில் போய் நிற்கும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அது பொய். மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் நடுவே அப்படி ஒரு வரம்பே கிடையாது. இந்தக் கட்டுரையில் இதுதான் ஒரே பொய். இனிமேல் வருவதில் முட்டை உருட்டும் வேலை ஒன்றும் இருக்காது.

ஒரு வரம்புக்கு எத்தனை வேலை என்று நான் ராஜையனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. இரண்டாவது, உன் மண் எது, என் மண் எது என்று வாய் திறக்காமல் சொல்வது. மூன்றாவது, நடக்க வழி. அப்புறம் அதில் உளுந்து போடலாம். பசுவுக்குப் புல் அறுக்கலாம். உச்சி வெயிலில் காலை வயலுக்குள் தொங்கப்போட்டு உட்கார்ந்து கஞ்சி குடிக்கலாம். தொண்ணூற்று மூன்றில் ராஜையன் சவூதியில் ஒரு பண்ணை வேலைக்குப் போனார். பதினான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். “ஏன் ராஜையா, சம்பளம் கொறவா?” என்று கேட்டேன். “சம்பளமெல்லாம் உண்டு டீச்சரே. ஆனா கண்ணெத்துற தூரம் வரை ஒரு வரம்பு கெடயாது. எங்க இருந்து சோறு திங்க?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வரம்பில் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. அகலம் ஓர் ஆளுக்குத்தான். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயலுக்குள் இறங்க வேண்டும். சுமையோடு வருகிறவருக்கு வரம்பு, கைவீசி வருகிறவருக்குச் சேறு. சாதி, பணம், வயது எதையும் அது பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு மட்டும் ஊர் ஒரு சலுகை கொடுத்திருந்தது. முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் ஏலாவின், அதாவது வயல்வெளியின், நடுவரம்பு வழியாகத்தான் போனேன், வந்தேன். வைக்கோல் கட்டோடு வருகிறவர்கள்கூட, “டீச்சர் வாறாவ” என்று சேற்றில் இறங்கி நிற்பார்கள். கையில் ஒரு குடையும் நான்கு பரீட்சைத் தாளும் தவிர எனக்குச் சுமை ஏது? ஆனாலும் ஒரு நாளாவது நான் இறங்கியதில்லை. என் சேலைக் கரையில் வயல் சேறு பட்டதே இல்லை என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ராஜையனின் மனைவி ராகேல் இறந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது அவர்கள் வீட்டுக்குத் தார்ச்சாலை வரவில்லை. சவப்பெட்டியை ஏலா வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். நான்கு பேர் தூக்கும் பெட்டி ஒற்றையாள் வரம்பில் எப்படிப் போகும்? அன்று காலையில், பெண்கள் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்க, ராஜையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். தடுத்தவர்களிடம், “எனக்கு அழத் தெரியல்ல, நான் என்ன செய்ய” என்று மட்டும் சொன்னாராம். இரண்டு மணி நேரத்தில் அந்த வரம்பு இரு பக்கமும் ஒவ்வொரு சாண் அகன்றது. இருவர் இருவராக நடந்து ராகேலைக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் திரும்பவும் வந்து, கூட்டி வைத்த மண்ணை எல்லாம் வெட்டி எடுத்தார். அதில் ஒரு பக்கத்துச் சாண் அடுத்த வயல்காரி நாகம்மையுடையது.

“கெடக்கட்டும் அண்ணாச்சி, ஒரு சாண் மண்ணுல எனக்க கோட்டையா எடிஞ்சு விழப் போவுது?” என்று நாகம்மை சொன்னாள்.

“நாளைக்கு ஆராவது அளந்து பாத்தா, பெண்டாட்டி செத்த சாக்குல மண்ணு கூட்டினான்னு பறைவான்” என்றார் ராஜையன்.

இப்படிப்பட்ட மனிதர் அவர். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை நான் சொல்ல எளிது. அல்லது கஷ்டம்.

நாகம்மையும் கணவன் இல்லாதவள். கணவன் பகவதியப்பன் மரத்திலிருந்து விழுந்து இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மண்டைக்காட்டு அம்மன் கொடைக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், உழைப்பு அதைவிட நீளம், ஒருவரும் துணையில்லாமல் ஐம்பது சென்ட் வயலைத் தானே பார்க்கிறாள். அவள் வயல் மேலே. ராஜையன் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருக்கும் வயல் ஒரு முழம் கீழே. நடுவில் பொது வரம்பு.

போன ஐப்பசியில், கும்பப்பூவுக்கு நாற்று நட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மழை ஏமாற்றிவிட்டது. சானலில், அந்தப் பெரிய வாய்க்காலில், தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். சர்க்கரைக்காக டாக்டர் என்னைக் காலையில் நடக்கச் சொல்லியிருப்பதால் குளத்தங்கரை மேல் நடந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் வந்துகொண்டிருந்த நேரம். கீழே ஏலாவில் ராஜையன் தன் வயல் ஓரத்தில் குனிந்து எதையோ பார்த்தார். பிறகு மண்வெட்டியோடு வரம்பைத் தாண்டி நாகம்மையின் வயலுக்குள் குதித்தார். அதே நேரம் நாகம்மை வந்து சேர்ந்தாள்.

“எனக்க நாத்தைச் சவுட்டிப்போட்டு என்னவே செய்யுதீரு?”

“நண்டு வளைச்சு வச்சிருக்கு. ஒனக்க உரத்தண்ணி ஒக்க எனக்க வயலுக்குல்லா ஒழுகுது.”

“அப்ப ஒமக்கு லாவந்தானே! அதை எதுக்கு அடைக்க வந்தீரு?”

“லாவத்தைத் தூக்கிக் கொளத்துல போடு. காலை நீக்கு, ஓட்டை நீ நிக்க எடத்துல தான்.”

வரம்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நிற்கும் பக்கமிருந்துதான் அடைக்க வேண்டும். ஒழுகி வெளிவரும் பக்கத்தில் எவ்வளவு மண் வைத்தாலும் தண்ணீர் தள்ளிவிடும். அதனால்தான் அவர் தாண்டினார். தனக்குச் சும்மா வரும் உரத் தண்ணீரைத் தடுக்கத் தாண்டினார். குளத்தங்கரையில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எல்லாமே எனக்குப் புரிந்தது. எல்லாம் புரிந்த பிறகுதான் கைப்பேசியை எடுத்தேன்.

சபைப் பெண்களின் கைப்பேசிக் குழுவில் என் குரலுக்கு ஒரு மவுசு உண்டு. காலையில் நான் ஒரு கதையைக் குரலாகப் பேசி அனுப்பாவிட்டால் அடுப்பே பற்றாது என்பார்கள். அன்றைக்கு இப்படிப் பேசினேன்:

“பிள்ளேளே, கேட்டியளா? நம்ம வரம்பு ராஜையன் இன்னைக்கு வெளுப்பாங்காலத்துல நாகம்மைக்க வரம்பைத் தாண்டிட்டாரு! எனக்க ரெண்டு கண்ணால கண்டேன். மீதியைக் காப்பி குடிச்சிட்டுச் சொல்லுகேன்.”

இரட்டுற மொழிதல் என்று பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுத்த வாய் அது. ஒரு சொல்லில் இரண்டு பொருள். முதலில் தப்பான பொருளைக் காட்டி வாயைப் பிளக்க வைத்து, அப்புறம் சரியான பொருளைக் காட்டிச் சிரிக்க வைப்பது என் வழக்கம். காப்பி குடித்தேன். குழுவில் எட்டுப் பேர், ‘ஐயோ’, ‘பிறவு?’, ‘மீதி எங்க டீச்சர்?’ என்று எழுதியிருந்தார்கள். பத்து மணிக்கு இருபது பேர். கரண்ட் போய்விட்டது, அதனால்தான் மீதியை உடனே அனுப்ப முடியவில்லை என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். கரண்ட் போகவில்லை. கைப்பேசி என் மடியில்தான் இருந்தது. அவர்கள் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. எழுபத்தெட்டு வயதில் வேறு யார் என்னிடம் எதைக் கெஞ்சிக் கேட்கிறார்கள்? மாலை நான்கு மணிக்குத்தான் மீதியை அனுப்பினேன். அதிலும் நண்டைத் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கி, அது மண்வெட்டியைப் பிடித்து இழுத்தது என்று சேர்த்தேன்.

பாதிக் கதைக்கு இருந்த கால் மீதிக் கதைக்கு இல்லை. என் தோழி செசிலி, சிரிப்பதற்காக, முதல் குரலைக் குவைத்தில் இருக்கும் மகளுக்கு அனுப்பினாள். மகள் அங்குள்ள நம் ஊர்க்காரர்களுக்கு. மதியத்துக்குள் அது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஜெபிஷின் காதுக்குப் போனது. ஜெபிஷ், ராஜையனின் ஒரே மகன்.

ஜெபிஷுக்கும் மனைவி ரெஜிலாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பெண்குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். கிறிஸ்மஸுக்கு வந்து நம் கோவிலில் ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. ராஜையன் பேத்தியைக் கைப்பேசிப் படத்தில் மட்டும், அதுவும் கடை ராஜையனின் கைப்பேசியில் பார்த்திருந்தார். அவருடையது பொத்தான் அமுக்கும் சின்ன போன். கோவிலில் பிள்ளையை ஏந்தி நிற்கும்போது கையில் சேற்று நாற்றம் அடிக்குமோ என்று கேட்டு, என்ன சோப்பு வாங்கலாம் என்று என்னிடமே ஒரு நாள் விசாரித்தார்.

அன்று மதியம் ஜெபிஷ் அப்பாவை அழைத்தபோது அவர் வயலில் இருந்தார். கையெல்லாம் சேறு. களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் சொல்லி, போனை வரம்பின் மேல் வைத்து ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார். அதனால் அங்கே நின்ற ஆறு பெண்களும் கேட்டார்கள்.

“அப்பா, கேள்விப்பட்டது நேராக்கும்? இந்த வயசுல வரம்பு தாண்டினியளா?”

“ஆமா மக்கா, தாண்டினேன். ஒனக்கு அதுக்குள்ள ஆரு சொன்னா?”

“நாகம்மை மாமிக்க கிட்டயா?”

“அவளுக்கதுலதான். அவளும் கூட நின்னாளே.”

“ஒரு வெக்கமும் இல்லாம ஆமான்னு சொல்லுதியளே!”

“இதுல என்னடே வெக்கம்? நேரத்தோட தாண்டி அடைக்கல்லன்னா எல்லாம் ஒழுகிப்போவும்லா? நாளைக்கும் ஒருக்கா தாண்டிப் பாக்கணும்.”

போன் அணைந்துவிட்டது. ராஜையன், “சிக்னல் போச்சு” என்றாராம். களை எடுத்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்தப் பொருளுக்கு என்று மேல் வயலில் நின்ற நாகம்மைக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் அன்றைக்கு ஒரு சொல்லும் பேசாமல் கரையேறிப் போனாள். நாகம்மை பேசாமல் போனாள் என்பதையே ஊர் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் ராஜையன் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். குளித்து, தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி, கோவிலுக்குப் போகிறவர் மாதிரி.

“டீச்சரே, ஜெபிஷ் இனி எடுக்க மாட்டேங்கான். கிறிஸ்மஸுக்கு வரல்லியாம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ரெஜிலாவுக்க ஊருல வச்சு நடத்துவாங்களாம். கடைக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது.” வேட்டி மடிப்பை நீவினார். “எவளோ ஒருத்தி என்னைப் பற்றிப் போனுல ஏதோ பறஞ்சிருக்கா. அது ஆருண்ணு ஒங்களுக்குத் தெரியுமா?”

அந்தக் கேள்வியை அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சந்தேகத்தில் அல்ல. ஊரில் எல்லாம் தெரிந்தவள் நான் என்ற நம்பிக்கையில்.

“தெரியல்லியே ராஜையா” என்றேன்.

நான் வாழ்நாளில் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன். முட்டைப் பொய், நண்டுப் பொய், முட்டம் கலங்கரை விளக்கத்தை ஒரு திமிங்கலம் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போன பொய். எல்லாம் பிறர் சிரிப்பதற்கு. கரண்டுப் பொய்யை விட்டால், எனக்காக என்று நான் சொன்னது இந்த ஒன்றுதான். அதைச் சொல்ல மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பியும் கொடுத்தேன். அவர் அந்தக் காப்பியைக் குடித்தார். அதுதான் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

“நீங்க ஒருக்கா அவன்கிட்ட பேசணும் டீச்சரே. ஒங்கக்கிட்ட படிச்ச பய. நீங்க சொன்னா கேப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அழைத்தேன். ஊரில் எவளோ விளையாட்டாக ஏதோ சொன்னதை நம்பி அப்பாவை வருத்தலாமா மக்கா என்று ஆரம்பித்தேன். ஜெபிஷ் என்னை முடிக்க விடவில்லை.

“டீச்சர், அது ஒங்க சத்தம்லா?”

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“அஞ்சு வருசம் கேட்ட சத்தம். எனக்குத் தெரியாதா? வேற எவ சொல்லியிருந்தாலும் பொய்ன்னு தள்ளியிருப்பேன். டீச்சர் ரெண்டு கண்ணால கண்டேன்னு சொன்னதுனாலதான் நம்பினேன். அப்பாக்கிட்ட, சொன்னது நீங்கன்னு நான் சொல்லல்ல. அவருக்கு ஒங்கமேல அப்படியொரு மதிப்பு. அதையும் எதுக்குக் கெடுக்கன்னு விட்டேன்.”

நான் நண்டு வளையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உரத் தண்ணீர் யாருக்கு ஒழுகியது, எந்தப் பக்கமிருந்து அடைக்க வேண்டும் என்று ஒன்றும் சேர்க்காமல், குறைக்காமல்.  மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்கியது.

“வயல் வரம்பா?” என்றான் கடைசியில். “அந்த வரம்பு வெட்டித்தானே அப்பா என்னை ஐடிஐ படிக்க வச்சாரு. எனக்கு அது தோணவே இல்ல பாத்தியளா டீச்சர். வரம்புன்னு கேட்டதும் பேப்பருல போடுத வரம்பு மீறல்தான் மனசுல வந்துது.” குரல் உடைந்துவிட்டது. பிறகு தேற்றிக்கொண்டு, “அப்பாக்கிட்ட நீங்க சொல்லிட்டியளா?” என்றான்.

“சொல்லுகேன் மக்கா.”

“சொல்லிட்டு எனக்கு ஒரு வாய்ஸ் போடுங்க. பிறவு நான் அப்பாவ விளிக்கேன். நீங்க சொல்லாம நான் விளிச்சா, எப்படி தெரிஞ்சுதுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?”

என்னிடம் படித்த பையன் எனக்கு ஒரு நாகரிகமான வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். எனக்கு அதில் நுழைய நான்கு நாள் பிடித்தது. முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் ராஜையன் கடைசிப் பெஞ்சில் தனியாக இருந்தார், அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. நான் மூன்றாவது பெஞ்சில் இருந்து பாட்டைச் சத்தமாகப் பாடினேன். மூன்றாம் நாள் மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. நான்காம் நாள் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

நடுவரம்பில் ஏறி நடந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதில் கால் வைப்பது அன்றுதான். தூரத்திலேயே நிலைமை தெரிந்தது. ராஜையனின் வயலில் நாற்று கறுத்துச் செழித்து நின்றது. மேலே நாகம்மையின் வயலில் தண்ணீர் குறைந்து, நாற்று மஞ்சளித்திருந்தது. அந்தப் பொது வரம்பில் திரும்பவும் ஓட்டை. ராஜையன் தன் பக்கம் நின்று மண்ணை வைத்து அமுக்குகிறார், தண்ணீர் அதைத் தள்ளுகிறது, மறுபடி வைக்கிறார். மண்ணின் குணம் தெரிந்த மனிதர், பிரயோசனமில்லை என்று தெரிந்தே அதைச் செய்துகொண்டிருந்தார். தாண்டவில்லை. ஊர் சொன்ன பிறகு அவர் அந்த வரம்பை ஒரு தடவையும் தாண்டவில்லை.

எதிரே நாகம்மை வந்தாள். தலையில் ஓலைக் கடவக் கூடை நிறைய குளத்துக் களிமண். முட்டு வீங்கி, காலை இழுத்து இழுத்து நடந்தாள். அந்த ஓட்டையை அவளே அடைக்கப் போகிறாள். என்னைக் கண்டதும் நின்றாள். பழைய பழக்கத்தில், கடவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை வயலுக்குள் இறக்கப் பார்த்தாள்.

நான் இறங்கிவிட்டேன்.

இறங்கினேன் என்று சொல்வது கொஞ்சம் கௌரவமான சொல். வழுக்கினேன். முழங்கால் வரை சேறு. வெள்ளைச் சேலை, ஒரு செருப்பு எங்கோ புதைந்துவிட்டது. நாகம்மை வரம்பின் மேலே இருந்து என்னைப் பார்த்தாள். ராஜையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“டீச்சரே! கையத் தாங்க!”

“வேண்டாம் ராஜையா. இங்கேயே நின்னு சொல்லுகேன். ஏறினா பிறவு வாய் வராது. போனுல சொன்னது நானாக்கும்.”

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. இரட்டுற மொழிதல் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி குடிக்கப் போனதையும், கரண்ட் போகாததையும், முற்றத்தில் ‘தெரியல்லியே’ என்றதையும் சொன்னேன்.

நாகம்மைதான் முதலில் பேசினாள். கடவத்தை இறக்கவே இல்லை.

“அண்ணாச்சி, அந்த மண்வெட்டிய எடும். இந்தம்மைக்க நாக்குக்கு ஒரு வரம்பு வெட்டிப் பூசி விடுவோம். ரெண்டு பக்கமும் பூசணும், கேட்டீரா. ஒத்தப் பக்கம் பூசினா ஒழுகும்.” அப்புறம் என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “எனக்க அண்ணன் வந்து, வயல வித்துட்டு வீட்டுல அடங்கிக் கெடன்னு சொல்லிட்டுப் போனாரு டீச்சர். எனக்க சகோதரன், எனக்கிட்ட” என்றாள். அதில் கேலி ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவள் கடவத்தோடு தன் வயலுக்கு நடந்து போய்விட்டாள்.

ராஜையன் தன் கைச்சேற்றைப் பார்த்தார்.

“ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் உண்டுன்னு ஜெபிஷ் சின்னதுல வந்து சொல்லுவான், டீச்சர் படிச்சுத் தந்தாவன்னு. எனக்கு வரம்புக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும்” என்றார். பிறகு, “அங்க நிக்காதீங்க, அது வளை உள்ள எடம், கால் உள்ள போவும்” என்று சொல்லி என்னை மேலே ஏற்றிவிட்டார். புதைந்த செருப்பைத் தோண்டி எடுத்து, சானலில் கழுவி, என் காலருகே வைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ‘டீச்சரே’ என்றும் விளிக்கவில்லை.

அங்கேயே நின்று ஜெபிஷுக்குக் குரல் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ராஜையனின் சின்ன போன் அடித்தது. இந்த முறை அவர் அதை வரம்பின் மேல் வைக்கவில்லை. சேற்றுக் கையாலேயே எடுத்துக் காதோடு வைத்து அமுக்கிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி, வரம்போடு தூரமாக நடந்து போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அவர் திரும்பி வந்தபோது கன்னத்தில் காய்ந்த சேறு இரண்டு இடத்தில் கோடாகக் கரைந்திருந்தது. நேராக வந்தார். வரம்பைத் தாண்டினார். நாகம்மையின் கடவத்திலிருந்து களிமண்ணை அள்ளி, அவள் பக்கமிருந்து ஓட்டையில் வைத்து மிதித்தார்.

வீட்டுக்கு வந்து சபைப் பெண்கள் குழுவில் மூன்றாவது குரலை அனுப்பினேன். நான் சொன்னது வயல் வரம்பு, நண்டுகூட சாதாரண நண்டு, ராஜையன்மேலும் நாகம்மைமேலும் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என் வாயில் என்று. இரண்டு நிமிஷத்தில் பதில்கள் வந்தன. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மை முகங்கள் பதினேழு. கடைசியில் செசிலி எழுதியிருந்தாள்: ‘டீச்சர் இந்தக் கதையும் அருமை! மீதி எப்போ?’

அதனால்தான் எழுதுகிறேன். குரலில் சொன்னால் கதை என்கிறார்கள். அச்சில் வந்தால் ஒருவேளை நம்புவீர்கள். எழுதும் முன் இருவரிடமும் கேட்டேன். நாகம்மை, “என்னைப் பற்றி எழுதினா எனக்க வயல் இன்னும் விக்கல்லன்னு பெருசா எழுதும்” என்றாள். எழுதிவிட்டேன். ராஜையன், “என்னைப் பற்றி என்ன எழுத இருக்கு? வரம்பைப் பற்றி எழுதுங்க” என்றார். அவர் சொன்னபடி வரம்பில்தான் ஆரம்பித்தேன்.

ஜெபிஷ் கிறிஸ்மஸுக்கு வந்தான். ராஜையன் பேத்தியை ஏந்தி நின்றார், நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். உங்களில் சிலர் அப்போதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை மூன்றாவது பெஞ்சிலிருந்து நானும் பார்த்தேன். அது நான் விதைத்தது. அதைப் பிடுங்கும் வேலையும் என்னுடையதுதான். ஆனால் எனக்குக் களை எடுத்துப் பழக்கமில்லை.

இப்போது தினமும் நடுவரம்பு வழியாகத்தான் நடக்கிறேன். தூரத்தில் மண்வெட்டியோடு ராஜையனின் தலை தெரிந்தவுடன் நான் வயலில் இறங்கி நின்றுவிடுகிறேன். சுமை உள்ளவருக்கு வரம்பு. ஆனால் அவரும் பழைய வழக்கத்தை விடவில்லை. என்னைக் கண்டதும், அந்தப் பக்கம் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கிவிடுகிறார். ஆளுக்கொரு பக்கம் முழங்கால் சேற்றில் நிற்கிறோம். நடுவில் அவர் பூசி மினுக்கிய வரம்பு ஆளில்லாமல் கிடக்கிறது.

நேற்று நாகம்மை மேல் வயலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, கையில் களையோடு நிமிர்ந்து கத்தினாள்:

“ரெண்டு பேரும் எறங்கி நின்னா அது எதுக்கு அங்க கெடக்கு? ஆராவது ஒருத்தர் ஏறிப் போங்க!”

ராஜையன் தலையைக் குனிந்துகொண்டார். நானும். யாரும் ஏறவில்லை.